மேயர் நாற்காலியும் பஞ்சாயத்து நாற்காலியும்

2022இல் ஆவடி மாநகராட்சியின் மேயர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பருத்திப்பட்டும் அந்த மாநகராட்சிக்குள்தான் இருக்கிறது. இப்படி ஒரு ஒதுக்கீடு வந்தாலே ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பும்: "மேயராவே ஆயாச்சு, இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 1937க்குப் போக வேண்டும். அந்த வருடம் சென்னை மாநகராட்சிக்கு மேயரானவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 'பிள்ளை' என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தாழ்த்தப்பட்டவர் அவர். காங்கிரஸ்காரர். அவருக்குப் பின் 1945இல் மேயரானவர் ந. சிவராஜ்; அம்பேத்கர் உருவாக்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர்.

மாநகராட்சி மன்றத்திலிருந்து சிவசண்முகம் பிள்ளை இன்னும் மேலே போனார். 1946இல் சென்னை சட்டமன்றத்தின் சபாநாயகர். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த பெரிய மாகாணம் அது. 1952 பொதுத்தேர்தலுக்குப் பிறகும் அவரே. 1955 வரை இருந்தார். பிரகாசம் முதல் காமராசர் வரை எத்தனை முதலமைச்சர் வந்தாலும் அவையில் அவரை விளித்துத்தான் பேச வேண்டும். சேரியில் பிறந்தவனை நிமிர்ந்து பார்க்கவே கூடாதென்ற சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் இரண்டு நாற்காலிகளையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். அன்றைய மேயர் பதவி ஒரே வருடம். நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். சபாநாயகரோ மற்றவர்களைப் பேச வைப்பவர். தானே விவாதத்தில் இறங்க முடியாது, ஓட்டு சமமானால்தான் ஓட்டுப் போட முடியும். மரியாதை உண்டு. புறம்போக்கு, குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எதுவும் அவர் கையில் இல்லை.

அதெல்லாம் இருந்தது ஊர்ப் பஞ்சாயத்தில். அங்கே என்ன நடந்தது? புனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 30 தனி இடங்கள். 1937 தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் நமக்கு ஒதுக்கீடு கிடைத்ததோ 1996 தேர்தலில்தான். சட்டமன்றத்துக்கு 1937, ஊர்ச் சாவடிக்கு 1996. நடுவில் 59 வருடம்.

கிடைத்த பிறகாவது விட்டார்களா? மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, கூட வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான பெண்ணைத் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து "போட மாட்டேன்" என்றால் தலைவரின் கை கட்டப்பட்டுவிடும்.

நிலத்தையும் தண்ணீரையும் பங்கு வைக்கிற நாற்காலியைத்தான் சாதி கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது. தூரத்தில் இருக்கிற பெரிய நாற்காலியைக் கொடுப்பதில் அதற்கு நஷ்டம் குறைவு. சிவசண்முகம் பிள்ளை நடந்த பாதை இதைத்தான் காட்டுகிறது.

எனவே மேயர் யார் என்பதோடு நம் கேள்வியை நிறுத்திக்கொள்ள முடியாது. சேரிக்குக் குழாய் போடும் கோப்பில், பட்டா கோப்பில் யார் கையெழுத்து விழுகிறது, யார் அதை நிறுத்தி வைக்கிறார்கள் என்று பருத்திப்பட்டிலும் கேட்போம். சுழற்சியில் வந்த இடம் சுழற்சியில் போய்விடும். அதற்குள் கேட்டாக வேண்டும்.