வாயுவிற் பிறந்த வைரம்

வைரம் என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தார்க்கு இருபொருள் தருவது. ஒன்று மணி, மற்றையது முதிர்ந்த பனையின் உறுதி. ஈழத்தில் மணிகள் பல விளையினும் வைரம் விளைவதில்லை. மாத்தறை வைரம் எனப் பெயர் பெற்றதும் சேர்க்கோன் என்னும் வேறொரு கல்லே. ஆயின், வைரத்தின் உடன்பிறப்பாகிய காரீயம் போகலச் சுரங்கத்தில் உண்டு. வைரமும் கரியும் ஒரே மூலகமாகிய காபன் என்பதை 1797ஆம் ஆண்டில் ஆங்கில இரசாயன அறிஞர் சிமித்சன் தெனன்ற் எரித்துக் காட்டி நிறுவினார்.

அன்றுதொட்டுக் கரியை வைரமாக்க முயன்றோர் பலர். புவியாழத்து அமுக்கமும் வெப்பமும் இன்றி அது கைகூடாதென்பதே கற்றோர் துணிபு. 1954 திசெம்பரில் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியார் அவ்வழியே வென்று, அடுத்த ஆண்டில் உலகறிய அறிவித்தனர். சுவீடன் தேசத்தார் 1953இலேயே அதனைச் செய்து வாளாவிருந்தமை வேறு கதை.

எனினும் 1952-53இல், யூனியன் காபைட்டு நிறுவனத்து வில்லியம் எவர்சோல் என்பார், பெருமுக்கம் எதுவுமின்றி, காபன் கொண்ட வாயுவினின்று வைரத்துகளின்மேற் புதிய வைரத்தைப் படியச் செய்திருந்தார். வளர்ச்சி மிக மந்தம். காரீயமும் உடன்படிந்து கெடுத்தது. ஆதலின் அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. சோவியத்து நாட்டில் தெரியாகின் குழுவினர் அவ்வழியிலேயே உழைத்தனர். மேனாட்டார் அவர்தங் கூற்றை நெடுங்காலம் ஐயுற்றனர். அரசியற் பகைமையும் அவ்வையத்துக்கு உரமிட்டது போலும். 1968இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் அங்கசு, எவர்சோலின் முடிபு மெய்யே எனக் காட்டினார்.

தடையை நீக்கியது ஐதரசன் அணு. ஐதரசனுடன் நூற்றுக்கு ஒரு பங்களவு மெதேனைக் கலந்து, 2000 பாகை சதமளவு வரை சுடர்விடும் உலோக இழையருகே செலுத்தினால் ஐதரசன் அணுக்களாகப் பிரியும். அவ்வணுக்கள் காரீயத்தை விரைந்து அரித்து, வைரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அருகே 800 பாகையளவில் வைத்த சிலிக்கன் தட்டில் வைரப் படலம் வளரும். யப்பானிய அறிஞர் மத்சுமோத்தோ முதலியோர் 1982இல் இம்முறையைத் தெளிவுற வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது.

படிந்தது வைரமோ வெறுங் கரியோ என அறிவதெங்ஙனம்? இங்கே திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் துணைவருகிறார். அவர் 1928இற் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு, 1930இல் சி. இராமசுவாமி வைரத்தை ஆராய்ந்து, சென்ரிமீற்றருக்கு 1332 என்னும் அளவில் ஒரு கூரிய கோட்டைக் கண்டார். இன்றும் வைரப் படலத்தின் மெய்ம்மைக்கு அக்கோடே முதற் சான்று.

செம்பினும் ஏறத்தாழ ஐம்மடங்கு வெப்பத்தைக் கடத்தியும் மின்னைக் கடத்தாதிருத்தல் வைரத்தின் அருங்குணம். ஆதலின் மின்னணுக் கருவிகளின் சூட்டை அகற்றவும், வெட்டுங் கருவிகளுக்குப் பூச்சாகவும், அணுச்சேர்க்கை உலைகளுக்குச் சாளரமாகவும் இப்படலம் பயன்படுகின்றது. இத்துறை ஆராய்ச்சிக்கென 2023இல் இந்திய அரசு சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்துக்கு ஐந்தாண்டு மானியம் வழங்கியது.