சீரகத்தின் சுற்றத்தார்

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைக் கடந்து சென்றால், சீன மருந்துக் கடைகளில் தங் குவெய் என்னும் வேரைக் காணலாம். சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளிலோ சீரகம், கொத்தமல்லி, சோம்பு, ஓமம், பெருங்காயம் ஆகியவை நிறைந்து கிடக்கின்றன. இவை யாவும் காரட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடை விரித்தாற்போல் பூப்பது இக்குடும்பத்தின் அடையாளம்.

மூட்டை மூட்டையாகச் சரக்கு இருப்பதால் இவற்றின் வித்துக்குக் குறைவில்லை என்று எண்ணிவிடலாகாது. மூட்டைகள் பலவாயினும் அவற்றுள் அடங்கிய வகைகள் சிலவே. சீரகம் இந்தியாவுக்கு மேற்கிலிருந்து வந்த பயிர். ஆகவே அங்கு அதன் வகை வேறுபாடு குறுகியது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வாடல் நோய் அதனைத் தாக்குகிறது. நோயைத் தாங்கும் வகையொன்று கிடைத்ததும் உழவர் பலரும் அதையே விதைக்கின்றனர். பழைய வகைகள் வயலிலிருந்து மறைகின்றன. நாளை நோய் வேறு உருக் கொண்டால் அதனை எதிர்க்கும் பண்பை எங்கே தேடுவது?

இக்கவலையை முன்னுணர்ந்தவருள் தலையாயவர் ரஷ்ய அறிஞர் வாவிலோவ். 1924-இல் அவர் ஆப்கானிஸ்தானம் சென்று பயிர் வித்துகளைத் திரட்டினார். ஊதா நிறக் காரட்டின் பழைய நிலம் அது. 1943-இல் அவர் சிறையில் மாண்டார். லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடன் பணியாற்றியோருள் சிலர், காவலில் இருந்த வித்துகளை உண்ணாமல் பசியால் உயிர் துறந்தனர்.

இன்று வித்துகளை நன்கு உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகைக் குளிரில் காக்கின்றனர். எனினும் அவை என்றென்றும் உயிரோடிருப்பதில்லை. இடையிடையே விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். காரட்டின் பூவில் பூச்சிகள் அயல் மகரந்தத்தைக் கொணர்ந்து வகையைக் கலந்துவிடும். ஆதலால் செடிகளை வலைக் கூண்டில் வளர்த்து, ஈக்களை உள்ளே விட்டு, வகை கெடாமல் வித்தெடுக்கின்றனர்.

தில்லியில் 1976-இல் தேசியத் தாவர மரபுவள நிறுவனம் தோன்றியது. அஜ்மீரில் விதை நறுமணப் பயிர்களுக்கென 2000-இல் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. தில்லி நிறுவனத்தின் வழியாகப் பெருங்காய வித்துகள் 2018-இல் ஈரானிலிருந்து தருவிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் இமயத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் கன்று நடப்பட்டது. ஆண்டுதோறும் சுமார் 1,200 டன் பெருங்காயத்தை அயல்நாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது சிறு தொடக்கமே.

சிங்கப்பூருக்குச் சீரகம் கடல் கடந்தே வருகிறது. நம் அஞ்சறைப் பெட்டி நிறைந்திருப்பது எங்கோ வயலில் உழுபவர் கையில் மட்டுமன்று, குளிரறையில் வித்தைக் காப்பவர் கையிலும் இருக்கிறது.