காற்றுத் தடுப்பு (கூரை திறக்கும் கார்)

கூரை திறக்கும் கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால் நிறுத்தப்படும் தகடு அல்லது வலை. கார் ஓடும்போது முன்கண்ணாடியைத் தாண்டிப் போகும் காற்று, உள்ளே அழுத்தம் குறைவதால் பின்புறமிருந்து சுழன்று திரும்பிப் பிடரியில் அடிக்கும். அதைத்தான் இது மறிக்கிறது. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இருவர் அமரும் கார்களுக்கு உரிமையாளர்களே இதைச் செய்துகொள்வதுண்டு. முதலில் அட்டையில் வெட்டி வைத்து, கூரை மடங்கும்போது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வேலை இதுதான். பிறகு தகட்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பட்டை செருகி, இருக்கைக்குப் பின்னுள்ள வளைகம்பியில் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். தகடு அக்ரிலிக்காக இருந்தால் பளிச்சென்று இருக்கும். உடைந்தால் கூரிய சில்லுகளாகும். பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும், ஆனால் எளிதில் உடையாது. தலைக்குப் பின்னால் நிற்கும் பொருளுக்குப் பாலிகார்பனேட்டே தகும்.