கீழ்வாயிலக்கமும் பகா எண்களும்

சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரித்தாராய்தல் தமிழிலக்கண மரபு. எண்களுக்கும் இப்பாகுபாடு உண்டு. ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத 2, 3, 5, 7, 11 போல்வன பகா எண்கள். ஒன்று ஒழிந்த ஏனையவை அவற்றின் பெருக்கத்தால் அமைவன. பின்னப் பெயரை ஆராய்வார் அப்பின்னத்தின் கீழெண்ணையும் காரணிகளாகப் பகுத்துக் காணல் வேண்டும் என்பதும், அதனாற் சொல்லாராய்ச்சி, பாடவாராய்ச்சி இரண்டும் பயன்பெறும் என்பதும் ஈண்டு யாம் நிறுவக் கருதியன.

தமிழ்க் கீழ்வாயிலக்கத்துள் இரு வரிசைகள் உள. அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) எனப் பாதி பாதியாகக் குறைந்து செல்வது ஒன்று. நாலுமா (1/5), இருமா (1/10), ஒருமா (1/20), அரைமா (1/40) என வருவது மற்றொன்று. முன்னதன் கீழெண்களுக்கு 2 ஒன்றே பகாக் காரணி. பின்னதற்கு 5-உம் காரணியாம். வீசத்தையும் மாவையும் ஒருங்கு கூட்ட வேண்டின், 16-க்கும் 20-க்கும் பொதுவான மடங்கு தேவை. அத்தகைய மடங்குகளுள் மிகச் சிறியது 80. அந்த 1/80 பங்கே காணி. ஆகவே இரு வரிசைகளும் கூடுமிடம் காணி என்க. காணியிற் காற்பங்கு முந்திரி (1/320).

இனி, வீசத்தின் மறுபெயராகிய மாகாணி என்னும் சொல்லை நோக்குவாம். மா என்பதனைப் பெருமை குறித்த உரிச்சொல்லாகக் கொண்டு, ‘பெரிய காணி’ எனப் பொருளுரைத்தல் கூடும். ஆயின் எண் வேறு காட்டுகின்றது. ஒருமா நான்கு காணி, அதனோடு ஒரு காணி கூட ஐந்து காணி, அதாவது 5/80. அதுவே 1/16. எனவே மாகாணி என்பது ‘மாவும் காணியும்’ என விரியும் உம்மைத்தொகை என்பதே எம் துணிபு. எண்ணல் முதலிய நால்வகை அளவைகளினும் உம்மைத்தொகை வருதலை நன்னூலாரும் உடன்படுவர். அரைக்காணியோ இத்தகையதன்று, காணியிற் பாதி (1/160) எனவே பொருள்படும். மும்மாகாணி 3/16 ஆதலின் மூன்று மாகாணி எனப் பிரிக்கப்படும். ‘மும்மாவும் காணியும்’ எனப் பிரிப்பின் 13/80 ஆகி வழுவாம். வடிவால் ஐயுற்ற இடத்து எண்ணே தெளிவு தருகின்றது.

முந்திரிக்குக் கீழே, 1/320-ஐ ஒன்றெனக் கொண்டு அதே பின்னங்களைக் ‘கீழ்’ என்னும் அடையோடு மீண்டும் வழங்கினர். கீழ்முந்திரி 1/1,02,400 ஆம். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், வேலியின் 5,242,88,00,000-இல் ஒரு பங்கு வரை நிலம் கணிக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். இப்பேரெண்ணைப் பகுப்பின் இருபத்து நான்கு இரண்டுகளும் ஐந்து ஐந்துகளுமே கிடைக்கின்றன. வேறு பகா எண் இல்லை.

இதன் விளைவு யாது? ஒரு வேலியை மூவர்க்குச் சமமாகப் பகிரின், ஒவ்வொருவர்க்கும் 106 முந்திரி போக 2 முந்திரி எஞ்சும். அவை 640 கீழ்முந்திரி. தலைக்கு 213 போக 1 எஞ்சும். எத்துணை ‘கீழ்’ அடுக்கினும் மீதி தீராது. 320-இன் காரணிகளுள் 3 இன்மையே காரணம்.

கணக்கு வாய்பாடுகளிற் பரவலாகக் காணப்படும் இம்மி இக்குறையை நிரப்புகின்றது. கீழ்முந்திரி ஒன்றுக்கு இம்மி 10½. இம்மியின் கீழெண் 10,75,200. இதனுள் 3-உம் 7-உம் காரணிகளாகப் புகுகின்றன. மேலே எஞ்சிய ஒரு கீழ்முந்திரியை மூவர்க்குப் பகிரின் தலைக்கு 3½ இம்மி. எழுவர்க்காயின் 1½ இம்மி. மீதி இல்லை. இம்மியில் 22-இல் ஒரு பங்கு மும்மி (1/2,36,54,400). அங்கே 11 புகுகின்றது. மும்மியில் ஏழிலொன்று அணு (1/16,55,80,800). பத்தரை என்னும் விந்தையான அளவு வறிதே தோன்றியதன்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பதிப்பாசிரியர்க்கும் இதனாற் பயனுண்டு. மும்மியின் கீழெண் இம்மியினதன் மடங்காதல் வேண்டும். 6-உம் 5-உம் இடம் மாறி 2,35,64,400 என ஒரு படியில் இருப்பின், அஃது இம்மியெண்ணின் மடங்காகாது, 11-ஆலும் வகுபடாது. பிற படிகள் கிட்டாவிடத்தும் பிழை இவ்வாறு புலப்படும்.

இதுகாறும் கூறியவாற்றான், காணி இரு வரிசைகளின் பொதுமடங்கில் தோன்றிய அளவு என்பதும், மாகாணி உம்மைத்தொகை என்பதும், கல்வெட்டுக் கணக்கில் இடம்பெறாத பகா எண்கள் இம்மி முதலியவற்றில் இடம்பெற்றன என்பதும் பெறப்பட்டன. கீழ்வாயிலக்கச் சொற்களை ஆராயப் புகுவார் சொல்லோடு எண்ணையும் பகுத்துக் காண்பாராக.