வித்தும் நிலமும்: மாத்தளைத் தோட்டங்களின் வாய்ப் புற்றுநோயை முன்வைத்து ஒரு குறிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்த தென்னிந்தியத் தொழிலாளர் முதலிற் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர்த் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தனர். குளிருக்கும் பசிக்கும் அவர்கள் நாடிய துணைகளுள் வெற்றிலையும் ஒன்று. அயலிலிருந்த சிங்களக் கிராமங்களிலும் அப்பழக்கம் தொன்மையானதே. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த அவ்வெற்றிலைக்கும் கன்னப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்பதை இலங்கையரான பாலேந்திரா 1949இல் பிரித்தானியப் பல் மருத்துவ சஞ்சிகையில் ஆராய்ந்தார்.

இந்நோயைப் பற்றிய பேச்சிற் பழி பெரும்பாலும் மெல்லுபவர் மீதே விழுந்தது. மருத்துவமும் நெடுங்காலம் புற்றுநோய்க் கலத்தை மட்டுமே குற்றவாளியாக்கியது. அதனைச் சூழ்ந்த கலங்களை வெறும் சாட்சிகளாகவே கருதியது. இவ்விரு பார்வைகளும் ஒரே குறைபாடுடையவை என்பது என் கருத்து.

இதற்கு மாறான சிந்தனை புதியதன்று. 1889இல் ஸ்டீபன் பஜெற் என்னும் ஆங்கிலேய அறுவைமருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, நோய் எல்லா உறுப்புகளிலும் ஒருபடித்தாகப் பரவுவதில்லை எனக் கண்டார். வித்து எங்கும் சிதறினும், ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்பது அவரது விளக்கம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் இக்கருத்துக்கு உரிய கவனம் கிட்டவில்லை.

வெற்றிலை போடுவோரின் வாயில் இந்த 'நிலம்' மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகி, வாய் திறக்க முடியாது போகும் நோயை ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்டு விவரித்தார். பாக்கின் சாறு, இழையத்திலுள்ள நார்க் கலங்களைத் தூண்டிக் கொலாஜனை மிகுதியாக உண்டாக்குவதைக் கனிஃப், ஹார்வி ஆகிய இருவரும் 1981இல் காட்டினர். வாய்ப் புற்றுநோய்கள் அனைத்தும் இவ்வழியே வருவனவல்ல. எனினும் இந்நோயுடையோர் சிலரிடம் அதே இழையத்திற் பின்னர்ப் புற்று எழுகின்றது.

புற்றினைச் சூழும் நார்க் கலங்கள் மருந்தையும் எதிர்க்கின்றன. சில இடங்களில் அடர்ந்த நாரும் நசுங்கிய குருதிக் குழாய்களும் மருந்தை உள்ளே புகவிடா. வேறு சில இடங்களில் அக்கலங்கள் சுரக்கும் பதார்த்தங்கள் புற்றுநோய்க் கலத்துக்கு உயிர்தரும் சைகைகளாகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் அத்தகைய நார்க் கலங்களோடு சேர்த்து வளர்க்கப்பட்டபோது, செற்றுக்சிமாப் என்னும் மருந்துக்கு அவை மசியாமையைச் சுவீடன் ஆய்வாளர் 2012இல் வெளியிட்டனர்.

அவ்வாறாயின் நிலத்தை அழித்துவிடலாமே எனத் தோன்றும். கணையப் புற்றுநோயில் இது முயலப்பட்டது. 2009இல் எலிகளிற் பயன் தெரிந்தது. ஆனால் மனிதரிடம் நடந்த பரிசோதனையொன்று 2012இல் நிறுத்தப்பட்டது. 2014இல் நார்க் கலங்கள் அகற்றப்பட்ட எலிகளில் நோய் மேலும் மூர்க்கமாயிற்று. சூழலிலுள்ள கலங்களுட் சில காவலும் செய்கின்றன போலும். இதனால் அவற்றை ஒழிப்பதைவிட, இயல்புநிலைக்கு மீட்கும் வழிகளையே இப்போது பலர் தேடுகின்றனர்.

வாயில் அம்மீட்சி எளிதன்று. வெற்றிலையைக் கைவிட்ட பின்னும், இறுகிப்போன கன்னம் பெரும்பாலும் பழைய நெகிழ்ச்சியைப் பெறுவதில்லை.