வைத்தியர் வெளியேறுவரா? சஸ்கச்சுவான் பணிநிறுத்தமும் அதன் முன்னும் பின்னும்

1962 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் வைத்தியக் காப்புறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாகாண மக்கள் அனைவரினதும் வைத்தியச் செலவைப் பொதுநிதியால் ஏற்கும் திட்டம் வட அமெரிக்காவில் அதுவே முதலாவதாகும். அதே நாளில் அம்மாகாணத்து வைத்தியருட் பெரும்பாலானோர் தம் சிகிச்சை நிலையங்களைப் பூட்டினர். சில வைத்தியசாலைகளில் மட்டும் அவசர சிகிச்சை வேதனமின்றி வழங்கப்பட்டது. இந்நிலை 23 நாட்கள் நீடித்தது. பணியை நிறுத்துவது மட்டுமன்றி மாகாணத்தை விட்டே நீங்குவோம் என்பதும் அவர்கள் விடுத்த எச்சரிக்கையாகும். அந்த எச்சரிக்கை எத்துணை மெய்யானது என்பதை அறிய, சில பதின்ம ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

சஸ்கச்சுவான் கோதுமை விளையும் பரந்த சமவெளி. பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தவை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் வைத்தியருக்குக் கொடுக்கக் கமக்காரரிடம் பணமிராது. முதலாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் சார்ணியா என்னும் கிராமிய நகரசபை, தன் வைத்தியர் ஊரை விட்டுப் போய்விடுவாரென அஞ்சி, ஆண்டொன்றுக்கு 1,500 டொலர் தருவதாகக் கூறி அவரை நிறுத்திக்கொண்டது. 1916 இல் மாகாணச் சட்டம் இவ்வழக்கத்துக்கு இடமளித்தது. அம்மாகாணத்தில் வைத்தியத்துக்குப் பொதுப்பணம் முதலிற் செலவிடப்பட்டது வைத்தியர் வெளியேறுவதைத் தடுக்கவே என்பது நோக்கற்பாலது. பின்னாளில் அதே பொதுப்பணமே வெளியேறுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

1930களின் பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து வந்தபோது, வைத்தியர் பலர் அரசாங்கத்தின் நிவாரணக் கொடுப்பனவை நம்பி வாழ்ந்தனர். அவ்வநுபவத்தின் பின், 1940களின் முற்பகுதியிற் கனடிய வைத்தியர் சங்கமே சுகாதாரக் காப்புறுதிக் கொள்கையை ஆதரித்தது. ரொமி டக்ளஸ் தலைமையிலான கூட்டுறவுப் பொதுநலக் கட்சி 1944 இல் ஆட்சிக்கு வந்தது. 1946 இல் சுவிஃப்ற் கறன்ற் பிரதேசத்தில் வைத்திய சேவைத் திட்டமும், 1947 இல் மாகாணம் முழுவதற்குமான வைத்தியசாலைக் காப்புறுதியும் தோன்றின. சுவிஃப்ற் கறன்றில் வைத்தியர் தொகை குறையவில்லை, மாறாகக் கூடியது. செய்த சேவைக்கேற்பக் கட்டணம் தவறாது கிடைத்தமையே அதற்குக் காரணம்.

அவ்வாறாயின் 1962 இல் எதிர்ப்பு ஏன் எழுந்தது? இடைப்பட்ட காலத்தில் வைத்தியரின் நிலை மாறியிருந்தது. போருக்குப் பிந்திய செழிப்பில் மக்கள் கட்டணம் செலுத்தக்கூடியவராயினர். வைத்தியரின் செல்வாக்குக்குட்பட்ட தனியார் காப்புறுதி நிறுவனங்கள் வளர்ந்தன. அரசாங்கத்தின் உதவி தேவைப்பட்ட காலத்தில் ஏற்புடையதாயிருந்த கொள்கை, தேவை நீங்கியதும் சுதந்திரத்துக்கு இடையூறாகத் தோன்றியது. இதனை வெறும் பேராசை என ஒதுக்கிவிடலாகாது. கொடுப்பனவைத் தீர்மானிக்கும் ஆணைக்குழு நாளடைவிற் சிகிச்சையையுந் தீர்மானிக்கும் என்ற அச்சம் பலரிடம் உண்மையாகவே இருந்தது.

இவ்வச்சத்துக்கு உரமூட்டியோர் பிரித்தானியாவிலிருந்து குடியேறிய வைத்தியர்களாவர். 1948 இன் தேசிய சுகாதார சேவையை விரும்பாது கடல் கடந்தோர் அவர்களுள் இருந்தனர். ஆயின் அந்நாட்டில் நிகழ்ந்ததென்ன? 1948 பெப்ரவரியிற் பிரித்தானிய வைத்தியர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பிற் சட்டத்தை எதிர்த்தோர் 40,814 பேர். ஆதரித்தோர் 4,735 பேர் மாத்திரமே. ஐந்து மாதங்களின் பின், யூலை 5 ஆந் திகதி சேவை தொடங்கியபோது, பொது வைத்தியருட் பெரும்பான்மையோர் அதில் இணைந்திருந்தனர். வைத்தியரை முழுநேரச் சம்பள ஊழியராக்குவதில்லை என்பதைச் சட்டத்தால் உறுதி செய்ய அமைச்சர் அனியூரின் பெவன் உடன்பட்டார். விசேட வைத்திய நிபுணர் தனிப்பட்ட நோயாளரைப் பார்க்கவும் இடமளிக்கப்பட்டது. சிகிச்சை நிலையங்களை விலைக்கு விற்கும் உரிமை நீக்கப்பட்டமைக்கு ஈடாக 6 கோடியே 60 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. நோயாளர் பதிவு செய்யத் தொடங்கிய பின், தனித்து நிற்கும் வைத்தியர் தம் நோயாளரை அயலவரிடம் இழப்பார் என்பதும் வாக்கெடுப்பினும் வலிய காரணமாயிற்று.

சஸ்கச்சுவானில் நிகழ்ந்தவை இதனினுங் கடுமையானவை. டக்ளஸ் 1961 இற் கூட்டாட்சி அரசியலுக்குச் சென்றமையால், முதல்வர் வூட்றோ லொயிட்டின் தோள்மேற் சுமை விழுந்தது. 1962 மே மாதத்தில் ரெஜைனாவில் வைத்தியர் கூட்டத்தில் அவர் உரையாற்றியபோது, சபையோர் ஏறத்தாழ ஒருமுகமாகத் திட்டத்தை நிராகரித்தனர். நகரங்களில் வைத்தியரைக் காக்கும் குழுக்கள் தோன்றின. பணிநிறுத்தத்தின் முதல் நாளிலேயே, வைத்தியரைத் தேடி நெடுந்தூரம் கொண்டு செல்லப்பட்ட குழந்தையொன்று இறந்த செய்தி இரு தரப்பினரையும் உலுக்கியது. யூலை 11 இல் ரெஜைனாவில் நடந்த எதிர்ப்புப் பேரணிக்குப் பல்லாயிரவர் திரள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. வந்தோர் சில ஆயிரவரே. மக்கள் தம் வைத்தியரை மதித்தனர். எனினும் வைத்தியரின் பொருட்டுத் திட்டத்தை இழக்க அவர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

இதனிடையே, இலண்டனிலிருந்த மாகாணப் பிரதிநிதி கிரகாம் ஸ்பிறை பிரித்தானிய வைத்தியரைத் திரட்டி அனுப்பினார். தேசிய சுகாதார சேவையிலிருந்து தப்பி வந்தவர்கள் பூட்டிய கதவுகளுக்கு அருகே, அச்சேவையில் நம்பிக்கை கொண்டு வந்தவர்கள் கதவு திறந்தனர். சஸ்கற்றூன் போன்ற இடங்களில் நோயாளர் கூட்டுறவாகச் சிகிச்சை நிலையங்களை அமைத்தனர். அங்கு பணிபுரிந்த வைத்தியர் சிலருக்கு வைத்தியசாலைகளில் இடந்தர மறுத்தமை, அத்தொழிலின் வரலாற்றிற் பெருமைக்குரிய பக்கமன்று.

இறுதியில் இணக்கம் கண்டவரும் பிரித்தானியரே. தாமே வைத்தியராகவும் தொழிற்கட்சிப் பிரபுவாகவும் விளங்கிய ஸ்ரீவன் ரெயிலர் இரு தரப்பினரிடையும் அலைந்து பேசினார். யூலை 23 இற் கைச்சாத்தான சஸ்கற்றூன் உடன்படிக்கை, அனைவர்க்குங் காப்புறுதி என்ற கொள்கையைத் தொடாது, பணஞ் செல்லும் வழியை மாற்றியது. வைத்தியர் திட்டத்துக்கு வெளியே நின்று நோயாளரிடம் நேரே கட்டணம் பெறலாம். நோயாளர் பின்னர் ஆணைக்குழுவிடம் ஈடு பெறுவர். தனியார் நிறுவனங்களும் இடைத்தரகராக நீடிக்கலாம். வைத்தியர் சிலர் மெய்யாகவே மாகாணத்தை நீங்கினர். ஆயினும் அவ்விழப்பு நிலைக்கவில்லை. வராக்கடன்கள் மறைந்தமையால் எஞ்சியோரின் வருமானம் உயர்ந்தது. 1964 தேர்தலில் லொயிட்டின் கட்சி தோற்றது. வென்ற லிபரல் கட்சியினரும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1966 இற் கனடியப் பாராளுமன்றம் அதனை நாடு முழுவதற்கும் விரிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

எனினும் வைத்தியர் வெளியேறுவதே இல்லை எனக் கொள்வது தவறாகும். பிரித்தானியாவில் 1948 இன் ஆரவாரத்தில் நிகழாத வெளியேற்றம், 1950களின் பிற்பகுதியில் அரவமின்றி நிகழ்ந்தது. வைத்தியசாலைகளில் உயர்பதவிகள் குறைவாக இருந்தமையால், பயிற்சி முடித்த இளம் வைத்தியர் பல்லாண்டுகள் இடைநிலைகளிலேயே தேங்கினர். அவர்களுட் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் கப்பலேறினர். அவர்கள் பிரகடனம் விடுக்கவில்லை, வாக்கெடுப்பும் நடத்தவில்லை. அதனாற்போலும், அரசாங்கம் அதைக் காணத் தவறியது. 1957 இல் வில்லிங்க் குழு வைத்தியர் மிகையாகிவிடுவர் எனக் கருதி, மாணவர் அனுமதியைப் பத்திலொரு பங்கு குறைக்கப் பரிந்துரைத்தது. சில ஆண்டுகளுள் வைத்தியசாலைகளின் இளநிலைப் பதவிகள் வெறுமையாயின. அவற்றை நிரப்பியோர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிற் பொதுப்பணத்திற் கற்றுச் சென்ற வைத்தியர்கள். அவர்கள் விட்டுச் சென்ற வெற்றிடங்களுக்கு இலண்டனிலிருந்து எவரும் விமானமேறி வரவில்லை.