கோபுரம் ஏறுவோரின் தலைக்கணக்கு

உயர்ந்த கட்டடத்தைக் கண்டால் அதன் உச்சியில் நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்னும் அவா மிகப் பழையது. ஐரோப்பாவில் தேவாலய மணிக்கோபுரங்களில் ஏறிப் பார்ப்பது இன்றும் பயணிகளின் வழக்கம். ஆனால், ஓரிருவர் ஏறியிறங்கவென அமைத்த படிகளில் நூற்றுக்கணக்கானோர் நுழைந்தால் என்ன நேரும்? இவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே துயரமான விடையொன்று இருக்கிறது.

தில்லியின் குதுப் மினார் குத்புதீன் ஐபக் தொடங்கி இல்துத்மிஷ் உயர்த்திய கோபுரம். உயரம் ஏறத்தாழ 72.5 மீட்டர், உள்ளே சுழன்றேறும் படிகள் 379. உச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டோர் காரணமாக மேல்நிலைகளை மூடி, முதல் நிலை வரையிலுமே மக்களை அனுமதித்து வந்தனர். உயரத்தின் ஆபத்து அவ்வாறு நீங்கிற்று. நெரிசலின் ஆபத்து நீங்கவில்லை. 1981 டிசம்பர் 4 அன்று ஏறுவோரும் இறங்குவோரும் குறுகிய படிகளில் நெருங்கி நின்ற வேளையில் மின்விளக்குகள் அணைந்தன. இருளில் எழுந்த அச்சத்தில் ஒருவர்மேல் ஒருவராய் விழுந்து 45 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் அப்படிகள் பொதுமக்களுக்கு அடைபட்டன.

இத்தாலியில் வேறொரு வழியைக் கண்டனர். 1989 மார்ச்சில் பாவியா நகரத் தேவாலயத்தை ஒட்டிய பழங்கோபுரம் இடிந்து நால்வர் இறந்தனர். அதனால் அஞ்சி, 1990 சனவரியில் பைசா தேவாலயத்தின் சாய்ந்த மணிக்கோபுரத்தையும் மூடினர். ஆயினும் அதோடு நின்றுவிடவில்லை. சாய்விற்கு எதிர்ப்புறத்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிக் கோபுரத்தை ஓரளவு நிமிர்த்தி, 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தனர். இன்று அங்கே குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கையினரே ஏறலாம். பைகளைக் கீழே வைத்துவிட வேண்டும். எட்டு வயது நிரம்பாத சிறார்க்கு அனுமதியில்லை.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஓருண்மை புலப்படுகிறது. பூட்டுவது எளிது, தலைகளை எண்ணி உள்ளே விடுவதற்குத்தான் நாள்தோறும் பொறுப்புள்ள ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். ஏறுவோர் இறங்கிய பின்னரே அடுத்த குழு, மின்சாரம் போனாலும் எரியும் விளக்கு, மேலும் கீழும் ஒவ்வொரு காவலர் என்பன பெருஞ்செலவுக்குரியவை அல்ல. நம்மூர்த் தேவாலய மணிக்கோபுரங்களுக்கும் கலங்கரை விளக்கங்களுக்கும் இது பொருந்தும். பல்லாண்டுகள் மூடியிருந்த சென்னை மெரினா கலங்கரை விளக்கம் 2013இல் மக்களுக்குத் திறந்தது.

நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகள் இன்று தில்லிக்குச் சென்றால் குதுப் மினாரை அண்ணாந்து பார்த்தே திரும்புவர். அவர்களுக்கு அந்த 45 பேரின் கதையையும் நாம் சொல்லியனுப்ப வேண்டும்.